குழியண்ணன் வீட்டு மணிச்சத்து

ஊரில் எங்கே ஒரு குழி கிடந்தாலும் ஜனங்கள் முதலில் திட்டுவது குழியண்ணனைத்தான். அது குழாய்க்காரர்கள் வெட்டி மூடாமல் விட்டுப்போன குழியாக இருக்கும். இல்லையென்றால் தெருநாய் வெயிலுக்குப் படுக்கப் பறித்த குழியாக இருக்கும். யாராவது காலை விட்டுவிட்டால் போதும், "அந்தக் குழியண்ணன் கண்ணுல படட்டும், பேசிக்கறேன்" என்று நொண்டிக்கொண்டே போவார்கள். பாவம் அந்த மனுஷன். அவர் வெட்டுகிற குழி ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. அதையும் மண்ணை எடுத்த கையோடு மூடி, காலால் மிதித்து, மேலே இரண்டு சருகையும் போட்டுவிட்டுத்தான் வருவார்.

மண் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுக்கும் வேலை அவருக்கு. முப்பத்தோரு வருஷம் ஆகிறது. ஒரு நிலத்துக்குள் போனால் பத்துப் பதினைந்து இடத்தில் வெட்டுவார். குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுப்பார். எல்லாவற்றையும் துணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, விரலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுவார். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலு பங்கு. அரைக் கிலோ மிஞ்சும் வரைக்கும் இது நடக்கும். மர நிழலில் எடுக்கக் கூடாது, எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது, சாக்கடை ஓரம், கிணற்றடி, நடைபாதை எதிலும் எடுக்கக் கூடாது. இந்த விதிகளை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்.

ஒரு தடவை, இரண்டு பைகளின் சீட்டு மாறிவிட்டதோ என்று வழியில் சந்தேகம் வந்து, பேருந்திலிருந்து இறங்கி ஏழு கிலோமீட்டர் திரும்பி நடந்தார். போய்ப் பார்த்தால் மாறவில்லை. பரம சந்தோஷத்தோடு மறுபடியும் ஏழு கிலோமீட்டர் நடந்தார். அப்படிப்பட்ட ஆள். வேறு எதற்கும் அவரைச் சாமர்த்தியசாலி என்று யாரும் சொன்னதில்லை; ஆனால் அவர் கொண்டுவந்த மண்ணை எவரும் சந்தேகப்பட்டதில்லை. அது ஒன்றுதான் அவருடைய சொத்து.

இன்னொரு சொத்தும் உண்டு, வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, அதன் பின்னால் எட்டடிக்குப் பத்தடி மண். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அங்கே குடிவந்தார்கள். அதற்கு முன் அது செங்கல் சூளை. மேல்மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்துக் கல்லாக்கி விற்றுவிட்டு, அடியில் இருந்ததை நெருப்பில் வாட்டி வைத்திருந்தார்கள். முதல் நாளே மனைவி பின்பக்கம் நின்று, "இங்க நாலு செடி வைக்கணுங்க" என்றார். குழியண்ணன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இதுல தழை மக்கின கரியும் இல்ல, சத்தும் இல்ல. இன்னும் முப்பது வருஷத்துக்குப் புல்லு முளைச்சாலே பெரிய விஷயம். விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா விடவில்லை. கணவர் அந்தப் பக்கம் அப்புறம் எட்டியே பார்க்கவில்லை. ஊரெல்லாம் மண் பார்க்கிறவருக்கு வீட்டிலும் மண்ணைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்?

வினை கரையானால் வந்தது. நகராட்சியின் ஆவண அறைக்குள் கரையான் புகுந்து, எந்த இடம் குடியிருப்பு, எது தோட்டம், எது கடை என்று எழுதி வைத்திருந்த புத்தகம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது. அட்டை மட்டும் மிச்சம். அது பிளாஸ்டிக்.

புதிதாக வந்திருந்த நிலப் பயன்பாட்டு அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. அவர் படித்தவர். மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தபோது சுவரில் ஒரு அட்டவணையைப் பார்த்தார். கூடத்தின் வேதியியலாளர் அம்மா பல வருஷம் பாடுபட்டுச் செய்தது அது. காடாக விட்டால் மண் எப்படி இருக்கும், ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் எந்தச் சத்து வற்றும், மாடு கட்டினால் எது ஏறும், சூளை வைத்தால் எது போகும் என்று பதினான்கு வரிசை. நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோமோ அதற்குத் தகுந்தபடி மண் மாறும் என்பதுதான் அந்த அம்மா சொன்னது. அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆளைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வான்," என்றார். "மண்ணைக் கேளுங்க. அது என்ன சொல்லுதோ அதுதான் நிலம். எல்லா மனையிலயும் மாதிரி எடுங்க. அட்டவணையில எந்த வரிசையோட ஒத்துப்போகுதோ, அதையே எழுதிடுங்க."

"சார், அது அப்படிப் பாக்கறதுக்குப் போட்டது இல்ல..." என்று வேதியியலாளர் அம்மா இழுத்தார்.

"அம்மா, உங்க அட்டவணை சரியா, தப்பா?"

"சரிதான் சார்."

"அப்புறம் என்ன?"

மொத்தம் அறுநூற்று நாற்பது மனை. எடுக்க ஒரே ஆள், நம்ம குழியண்ணன்.

முதல் மாதமே கூத்து தொடங்கிவிட்டது. சினிமா கொட்டகையின் பின்சுவர் ஓரம் எடுத்த மண்ணில் தழைச்சத்தும் உப்பும் எகிறின. இடைவேளைதோறும் மூன்று தலைமுறை ஆண்கள் அங்கே செய்துவந்த காரியம் ஊருக்கே தெரியும், அட்டவணைக்குத் தெரியாதே. "மாட்டுக் கொட்டகை" என்று உத்தரவு போனது. வாரத்துக்கு மூன்று காட்சியோடு நிறுத்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி ஒன்றும் வைக்கச் சொன்னார்கள். சலவைக்காரர் முற்றத்தில் சோடாவும் சோப்பும் ஊறி ஊறி மண் வெள்ளை பூத்துக் கெட்டியாகக் கிடந்தது. அது உப்பளமாயிற்று. மனிதர் வெளுத்த வேட்டிகளை எங்கே காயப்போடுவது என்று தெரியாமல் அலைந்தார். பள்ளிக்கூட மைதானம் பிள்ளைகள் மிதித்து மிதித்து இறுகிப்போய், சத்தே இல்லாமல், அட்டவணையில் "சாலை" என்ற வரிசையோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. மறுநாள் காலைப் பிரார்த்தனைக்கு நடுவில் ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து நின்று, முதல் இரண்டு வரிசைப் பிள்ளைகளை இடப்பக்கமாக ஒதுங்கச் சொன்னார்.

அதிகாரி ஓரவஞ்சனை பார்க்கிறவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய சொந்த பங்களாப் புல்தரையில் வருஷக்கணக்காக ரசாயன உரத்தைக் கொட்டிக் கொட்டி மண் அமிலமாகிப் புளித்துப்போயிருந்தது. அட்டவணை அதைத் தேயிலைத் தோட்டம் என்றது. மனிதர் மறுபேச்சு பேசாமல் எங்கிருந்தோ நாற்பது தேயிலைக் கன்றுகள் வரவழைத்து நட்டு, அவை ஒவ்வொன்றாகக் கருகுவதைத் தினமும் காலையில் காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழியண்ணனுக்கு இதில் எல்லாம் அபிப்பிராயம் கிடையாது. மண்ணை ஒழுங்காக எடுப்பது அவர் வேலை. மற்றது மற்றவர்கள் வேலை. நானூற்று இருபதாவது மனை வரைக்கும் அப்படித்தான் இருந்தார். நானூற்று இருபத்தொன்று அவருடைய வீடு.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பித் தெருவுக்குப் போய், திரும்பி வந்து, தன் வீட்டு வாசல் கதவைத் தட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, எதை மறந்தீங்க?"

"மண் பரிசோதனைக் கூடத்துலேர்ந்து வர்றோம். வீட்டுக்காரர் இருக்காருங்களா?"

அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "இருந்தாரு. இப்பதான் யாரு வீட்டையோ தோண்டப் போனாரு. வந்தா சொல்றேன்."

"மாதிரி எடுக்கணும்மா."

"எடுத்துட்டுப் போங்க. போறப்ப குப்பையையும் எடுத்துட்டுப் போங்க."

முன்பக்கம் முழுக்க நடைபாதை, எடுக்கக் கூடாது. இடப்பக்கம் சாக்கடை, வலப்பக்கம் பக்கத்து வீட்டு மரத்தின் நிழல். விதிப்படி மிஞ்சியது சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த எட்டடிக்குப் பத்தடிதான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் குழியண்ணன் அங்கே குந்தி உட்கார்ந்து களைக்கொத்தை இறக்கினார். அது பிட்டு எடுப்பதுபோல உள்ளே போனது. கறுப்பு மண், ஈரம், விரல் மொத்தத்தில் புழு நெளிந்தது. கத்தரிச் செடி அவர் தோளை இடித்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண்ணை எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து, இரண்டைத் தள்ளி, சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டு எழுந்தார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த மாதிரி நின்றிருந்தார். "கையெழுத்து போடும்மா" என்று தாளை நீட்டினார் நம்ம ஆள்.

எட்டு நாள் கழித்து வேதியியலாளர் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுப் பின்னாடி யாரையாவது பொதைச்சிருக்கீங்களா?"

"என்னம்மா கேக்கறீங்க?"

"ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. வருஷாவருஷம் பொதைச்ச மாதிரி இருக்கு. பாஸ்பரஸ், அதான் மணிச்சத்து, நூத்தித் தொண்ணூறு. சுண்ணாம்புச் சத்தைக் கேக்கவே வேணாம். எலும்பு மக்கினாத்தான் இப்படி ரெண்டும் சேந்து ஏறும்."

குழியண்ணன் யோசித்தார். இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பிட்டு முடித்ததும் மனைவி அவர் தட்டைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போவார். மீன் முள், முட்டை ஓடு, எலும்பு. அவர் கை கழுவி வருவதற்குள் தட்டு சுத்தமாக இருக்கும். எங்கே போயிற்று என்று அவர் கேட்டதே இல்லை.

"சமையல் மிச்சம்மா," என்றார்.

"எனக்குப் புரியுது. அட்டவணைக்குப் புரியணுமே." அந்த அம்மா சுவரைக் காட்டினார். ஒன்பதாம் வரிசை: சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், மணிச்சத்து மிக மிக அதிகம். எதிரே, மயானம்.

மூன்றாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. நானூற்று இருபத்தொன்றாம் மனை பொது மயானம். உள்ளே வசிப்பவர்கள் முப்பது நாளில் வெளியேற வேண்டும். அதுவரை வாசல் கதவு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். வளாகத்தில் சமைத்தல், உரக்கச் சிரித்தல், துணி உலர்த்துதல் கூடாது. படுத்தல் கூடாது, நிரந்தரமாகப் படுத்தவர்களுக்கு விலக்கு உண்டு.

மனைவி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "வீட்டைப் புடுங்கிக்கறாங்களா?"

"முப்பது நாள் இருக்கு."

"முப்பது நாள்ல எங்க போறது? நமக்கு வேற யாரு இருக்கா? இந்தச் சுவரை விட்டா நமக்கு நாதி ஏது?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இந்த மண்ணை எடுத்துக் குடுத்தது யாரு?"

குழியண்ணன் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு டைலர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி உள்ளே வந்தார். "ஒண்ணும் அவசரமில்லக்கா. எங்க மாமனார் இன்னும் கல்லுக்குண்டு மாதிரிதான் இருக்காரு. எதுக்கும் நல்ல இடமாப் பாத்து வச்சுக்கலாமேன்னு." கத்தரிச் செடிகளுக்கும் தக்காளிக்கும் நடுவே நாடாவை விரித்தார். "ஆளு கொஞ்சம் உசரம். காலை மடக்கினா சரியா இருக்கும்."

"யாரு காலை எங்க மடக்கறது? என் தக்காளி மேல நிழலு விழுந்தா உங்க காலை மடக்கிடுவேன்!" என்று துடைப்பத்தோடு வந்தார் மனைவி. டைலர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "மயானத்துல சத்தம் போடக் கூடாதுக்கா, போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவர் வந்து சமையல்கட்டு வாசல்படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்கள். இங்கே நல்ல அமைதி என்று அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் மெதுவாக, டீ கிடைக்குமா என்று கேட்டார். விதிப்படி அடுப்பு மூட்டக் கூடாது என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மேல்முறையீடு செய்யலாம். அதற்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: மாதிரி தவறாக எடுக்கப்பட்டது. அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் மாதிரி எடுத்தவர்.

குழியண்ணன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். பேனாவைத் திறப்பார், மூடுவார்.

"என்னங்க யோசனை? தப்பா எடுத்தேன்னு ஒரு வரி. உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?"

"நான் தப்பா எடுக்கலியே."

"அது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்! அரைக் கிலோ மண்ணுல காட்டற நாணயத்துல கால் பங்காவது வீட்டு மேல காட்டக் கூடாதா?"

"முப்பத்தோரு வருஷம்மா. ஒரு பை கூட..."

"அந்தப் பையைத் தலைக்கு வச்சுக்கிட்டுத் தெருவுல படுக்கலாம். வாங்க, ரெண்டு பேரும் படுக்கலாம்." மனைவியின் குரல் உடைந்தது. "எனக்கு இந்த வீடு வேணுங்க. இந்தப் பின்பக்கம் இல்லாம எனக்கு ஒரு நாள் விடியாது."

அந்த அம்மா அழுது அவர் பார்த்ததில்லை. மனைவியின் கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குவார். இது அவரை அடித்துப் போட்டுவிட்டது. எழுதினார். "மேற்படி மாதிரி அந்த மனையின் மண் அல்ல என்று உறுதி கூறுகிறேன்." கையெழுத்துப் போட்டதும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தார்.

விசாரணை நகராட்சி மாடியில் நடந்தது. அதிகாரி நடுவில், பக்கத்தில் பெரிய பதிவேடுகளோடு எழுத்தர், ஓரத்தில் வேதியியலாளர் அம்மா. பின்வரிசை பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி தாளைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தோரு வருஷத்துல உங்க மாதிரி ஒண்ணுகூட தப்பானதில்லன்னு கூடத்து அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப நீங்க தப்புன்னு எழுதறீங்க. இந்த மண் உங்க வீட்டோடது இல்லைன்னா எங்கேர்ந்து வந்தது?"

இதைக் குழியண்ணன் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய் எழுதினால் அதோடு முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார்; பழக்கமில்லாத ஆள்.

"வேற... வேற பையி சார். கலந்துபோச்சு."

"எந்தப் பை?"

"ஞாபகம் இல்ல சார்."

"அப்ப உங்க வீட்டு மண்ணு எப்படிப்பட்டது? அதைச் சொல்லுங்க."

குழியண்ணன், ஒரு பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்து அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். "செங்கல் சூளை இருந்த எடம் சார். செத்த மண்ணு. அதுல ஒண்ணுமே கெடையாது. கரியும் இல்ல, சத்தும் இல்ல. முப்பது வருஷத்துக்குப் புல்லுகூட மொளைக்காது."

"அங்க செடியெல்லாம் இருக்குன்னு டைலர் ஒருத்தர் எழுதியிருக்காரே? அவங்க மாமனாருக்கு இடம் கேட்டு."

"அதெல்லாம் பேருக்குத்தான் சார். வீட்ல இருக்கறவ பொழுது போகாம ஏதோ கிளறிக்கிட்டு இருப்பா. அவளுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்? அது செத்த மண்ணு. நான் சொல்றேன் சார், நான் மண்ணு பாக்கறவன்."

சொல்லச் சொல்ல அவருக்கே தெம்பு வந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். சூளை மண் என்றால் நான்காம் வரிசை. அதன் மேல் வீடு கட்டிக் குடியிருக்கத் தடையில்லை. உத்தரவை ரத்துசெய்யப் பேனாவைத் திறந்தார். வீடு தப்பிவிட்டது.

"நிறுத்துங்க சார்!"

பின்பெஞ்சில் மனைவி எழுந்து நின்றிருந்தார். கைப்பை கீழே விழுந்துகிடந்தது.

"செத்த மண்ணா? யாரு மண்ணு செத்த மண்ணு?" அவர் பேசியது அதிகாரியிடம் அல்ல. "இருபத்திரண்டு வருஷம். முட்டை ஓட்டைக் காயவச்சு, அம்மில அரைச்சு. மீன் முள்ளைப் பொறுக்கி. கறிக்கடையில எலும்பைக் கேட்டு வாங்கிட்டு வந்து, சுட்டு, இடிச்சு. எத்தனை நாளு கை பொத்துப்போயிருக்கு தெரியுமா? அடுப்புச் சாம்பல் எவ்வளவு போடணும், எவ்வளவு போட்டாக் காந்திடும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? முதல் அஞ்சு வருஷம் ஒண்ணுமே வரல. ஒரு நாள் ஒரு புழு வந்துது. அன்னைக்கு நான் உங்களைக் கூப்பிட்டேன். வேலையா இருக்கேன்னு சொன்னீங்க."

"ஏம்மா, இப்ப போய்..." என்றார் குழியண்ணன் ஈனஸ்வரத்தில்.

"நீங்க பேசாதீங்க. சார், அந்தப் பேப்பர்ல மணிச்சத்து எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

அதிகாரி தாளைத் தேடி எடுத்தார். "நூத்தித் தொண்ணூறும்மா."

"அது நெறையவா?"

வேதியியலாளர் அம்மாவால் இருக்க முடியவில்லை. "நல்ல தோட்டத்துல இருபது இருந்தாலே நாங்க ஆகான்னு சொல்வோம். இவ்வளவு இந்த ஊர்ல யாருக்கும் இல்லக்கா. கரிமச் சத்தும் அப்படித்தான். காட்டு மண்ணுக்குச் சமமா இருக்கு."

"யாருக்கும் இல்லையா?"

"யாருக்கும் இல்ல."

மனைவியின் முகம் ஒரு நொடி மலர்ந்ததைக் குழியண்ணன் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. "அப்ப அது என் மண்ணுதான். எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். வருத்தம் இருந்தது, பாவம். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் தன் புல்தரையையே விட்டுக்கொடுத்தவர். "மாதிரி சரியானதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. மயானம் உறுதி. முப்பது நாள்ல எட்டு நாள் போயிடுச்சு."

அப்போது எழுத்தர் தொண்டையைச் செருமினார். மயான விதிகள் என்ற புத்தகத்தை அவர் இத்தனை நேரமும் புரட்டிக்கொண்டிருந்தார். அது வேறு அலமாரியில் இருந்ததால் கரையானிடமிருந்து தப்பியது. "சார், ஒரு சிக்கல். ஒரு இடம் மயானமா அறிவிக்கப்பட்ட நாள்ல அதோட எல்லைக்குள்ள இருந்த யாரையும் மேல்நீதிமன்ற உத்தரவு இல்லாம வெளியே எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. பன்னெண்டாம் விதி."

"அது பொதைச்சவங்களுக்கு ஐயா."

"அப்படிப் போடலியே சார். யாரையும்னுதான் போட்டிருக்கு. இவங்க ரெண்டு பேரும் அன்னைக்கு உள்ளதான் இருந்தாங்க."

அதிகாரி வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான். "அப்ப இவங்களை வெளியேத்த முடியாது," என்றார் மெதுவாக. "மயானப் பதிவேட்டுல ஏத்திடுங்க."

"இவருக்கு வேலை, சார்? இன்னும் எரநூத்திப் பத்தொம்பது மனை பாக்கி."

"பதிவேட்டுல இருக்கறவங்க வேலைக்கு வரக் கூடாதுன்னு விதி இருக்கா?"

எழுத்தர் புரட்டினார். "இல்ல சார்."

"திங்கக்கிழமை வரட்டும்."

எழுத்தர் புதிய பதிவேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் கோடு போட்டு, மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார். பெயர், வயது எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "இறந்த தேதிம்மா?"

"ஐயா, நான் உசுரோட இல்ல இருக்கேன்?"

"தெரியுதும்மா. அந்தக் கட்டம் காலியா இருந்தா பதிவு செல்லாது. பதிவு இல்லைன்னா வீடு இல்ல."

அந்த அம்மா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இன்னைக்குத் தேதி போடுங்க," என்றார். "என் மண்ணைச் செத்த மண்ணுன்னு என் வீட்டுக்காரரே எழுந்து நின்னு சொன்ன நாளு. அதைவிட வேற தேதி எனக்குத் தோணல."

எழுத்தர் தேதியை எழுதினார். குழியண்ணனைப் பார்த்தார்.

"எனக்கும் அதே தேதி போடுங்க," என்றார் குழியண்ணன். "தெரிஞ்சே பொய் சொன்னேன். அதையும் அவ மண்ணு மேல சொன்னேன்." மனைவியின் பக்கம் திரும்பினார். "தப்பும்மா. அந்தக் கொத்து உள்ள போனப்பவே எனக்குத் தெரியும். நான் பாத்ததுலயே நல்ல மண்ணு அது. அன்னைக்கே வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும்."

மனைவி பின்பெஞ்சுக்குப் போனார். கீழே கிடந்த கைப்பையை எடுத்துத் தூசியைத் தட்டினார்.

"கடைசியா ஒண்ணு," என்றார் எழுத்தர். "குழி எண். ரெண்டு பேருக்கும் ஒரே குழியா, தனித்தனியா?"

குழியண்ணன் வாயைத் திறக்கப் போனார். மனைவி முந்திக்கொண்டார்.

"தனித்தனியாப் போடுங்க. இப்பதான ஒரு தடவை சொல்லியிருக்காரு. இருபத்திரண்டு வருஷ பாக்கி இருக்கு. பாப்போம்."

எழுத்தர் அந்த அம்மாவுக்கு ஒன்று என்று பேனாவால் எழுதினார். குழியண்ணனுக்கு இரண்டு என்று எழுதப் போனவர், பேனாவை மூடி வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார்.